ஏக்கர் கணக்கும் வரவுக் கணக்கும்: அமெரிக்க உழவர் குறித்து வாசகர் கேட்டவை

அமெரிக்க உழவர்கள் படும் பொருளாதார நெருக்கடி குறித்துச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 463 ஏக்கர் என்கிறீர்கள். அவ்வளவு நிலமும், வீடு போன்ற பெரிய இயந்திரங்களும், அரசின் உதவித் தொகையும் உள்ள ஒருவரைத் துன்பப்படும் உழவர் என்று எப்படிச் சொல்வது?

பதில்: தங்கள் ஐயம் நியாயமானது. நானும் பல காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது. அயோவா மாநிலத்தில் 1,000 ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 200 புஷல் விளைகிறது என்று வைத்துக்கொண்டால் (மக்காச்சோளத்தில் ஒரு புஷல் என்பது சுமார் 25.4 கிலோ), அது நல்ல விளைச்சல். புஷலுக்கு 4 டாலர் கிடைத்தால் ஏக்கருக்கு வரவு 800 டாலர். விதை, உரம், களைக்கொல்லி, டீசல், தானியத்தை உலர்த்தும் எரிவாயு, இயந்திரத் தேய்மானம், காப்பீடு, கடன் வட்டி ஆகியவற்றோடு, அயோவாவில் ஏக்கருக்குச் சராசரியாக 275 டாலரை ஒட்டி நிற்கும் குத்தகையையும் சேர்த்தால், செலவு 850 டாலரைத் தாண்டிவிடுகிறது. ஆயிரம் ஏக்கரும் பழுதில்லாமல் விளைந்து, மழையும் காலத்தில் பெய்து, ஆண்டு முடிவில் ஐம்பதாயிரம் டாலர் கைநட்டம் என்பதுதான் இதன் பொருள். பரப்பு பெரிதாக இருப்பதால் நட்டமும் பெரிதாகிறது.

இதன் வேர் எளிமையானது. தான் விற்கும் தானியத்துக்கு உழவர் விலை சொல்ல முடியாது. அதை சிகாகோ தானியச் சந்தை சொல்கிறது. தான் வாங்கும் விதைக்கும் உரத்துக்கும் இயந்திரத்துக்கும் அவர் பேரம் பேசவும் முடியாது, ஏனெனில் விற்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில பெரு நிறுவனங்களே. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி மக்காச்சோளம் புஷலுக்கு 8 டாலரைத் தொட்டபோது உரத்தின் விலையும் கூடவே உச்சத்துக்கு ஏறியது. பின்னர் தானியத்தின் விலை பாதியாக விழுந்தது. செலவுகள் அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2025இல் நாடு முழுவதும் மக்காச்சோளம் இதுவரை காணாத அளவுக்கு விளைந்தது. களஞ்சியம் நிரம்ப நிரம்ப விலை தாழ்ந்தது என்பதால், அந்தப் பெருவிளைச்சலே உழவருக்குச் சுமையாயிற்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 463 ஏக்கர் என்பது வெறும் சராசரி. நாட்டின் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை சிறிய குடும்பப் பண்ணைகள். அவற்றில் அடுப்பெரிவது கணவனோ மனைவியோ வெளியே பார்க்கும் வேலையின் சம்பளத்தால்தான். மனைவி அருகிலுள்ள பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பது சம்பளத்துக்காக மட்டும் அன்று. அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டை வெளியே தனியாக வாங்குவதென்றால் குடும்பம் தாங்காது.

கேள்வி: சீனா சோயா வாங்காமல் நிறுத்தியதால் இத்தனை பாதிப்பா? உலகில் வேறு நாடுகளே இல்லையா?

பதில்: இருக்கின்றன. ஆனால் சீனாவின் இடத்தை நிரப்பும் அளவுக்கு எந்த நாடும் வாங்குவதில்லை. 2024இல் அமெரிக்கா ஏற்றுமதி செய்த சோயாவில், மதிப்பின்படி ஏறத்தாழ பாதியைச் சீனாவே வாங்கியது. அதன் தொகை சுமார் 1,260 கோடி டாலர். அங்குள்ள பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீவனமாகவும், அடுப்பங்கரைகளுக்கு எண்ணெயாகவும் அது போகிறது.

முதல் அடி 2018 ஜூலையில் விழுந்தது. அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிக்குப் பதிலடியாகச் சீனா, அமெரிக்க சோயாவுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 1,220 கோடி டாலராக இருந்த வணிகம் அந்த ஆண்டில் 310 கோடியாகச் சரிந்தது. 2020 ஜனவரியில் உடன்பாடு எட்டி வணிகம் மீண்டது உண்மை. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் பிரேசில் தன் நிலத்தையும் சாலைகளையும் துறைமுகங்களையும் சீனாவை எண்ணியே விரிவாக்கிக்கொண்டது. ஒருமுறை வேறு கடைக்குப் பழகிய வாடிக்கையாளரை முழுமையாகத் திருப்பி அழைத்து வருவது கடினம்.

2025இல் வரிப் போர் மறுபடியும் மூண்டது. அறுவடைக்குப் பல வாரங்கள் முன்னதாகவே சீன நிறுவனங்கள் முன்பதிவு செய்வது வழக்கம். அந்த ஆண்டு அது நடக்கவில்லை. செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து சீனா இறக்கிய சோயா சுழியம் என்று சீனச் சுங்கத் துறையின் கணக்கே காட்டியது. அதே மாதம் அர்ஜென்டினா தன் ஏற்றுமதி வரியைச் சிறிது காலத்துக்கு நீக்க, சீனர்கள் அங்கே கப்பல் கப்பலாக வாங்கினார்கள். அந்த அர்ஜென்டினாவின் நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க 2,000 கோடி டாலர் ஏற்பாடு செய்வதாக வாஷிங்டன் அதே நாள்களில் அறிவித்தது. அறுத்த சோயாவை எங்கே கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்த உழவர்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் பட்டிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடியை எல்லா மாநிலங்களும் ஒரே அளவில் வாங்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இல்லினாயில் விளையும் சோயா மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் நியூ ஆர்லியன்ஸ் சென்று பல நாடுகளுக்குப் பிரியும். உள்ளூர் எண்ணெய் ஆலைகளும் அதை வாங்கும். வடக்கு டகோட்டாவின் சோயாவோ சரக்கு ரயிலேறி வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரைத் துறைமுகங்களுக்குப் போகிறது. அங்கிருந்து அதன் முதன்மையான பயணம் சீனாவுக்குத்தான். அந்த வாயில் அடைபட்டால் உள்ளூர்க் கிடங்கு தரும் விலை சிகாகோ விலையைவிட வெகுவாகக் கீழே போய்விடும். தொலைக்காட்சியில் காட்டும் சந்தை விலை அந்த உழவரின் கைக்கு வருவதில்லை.

2025 அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்த பின், முதலில் 1.2 கோடி டன்னும் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 கோடி டன்னும் சீனா வாங்கும் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. நிம்மதி தரும் செய்திதான். ஆனால் 2.5 கோடி டன் என்பது முன்பு இயல்பாகவே நடந்துவந்த வணிகத்தின் அளவை ஒட்டியதே ஒழிய அதற்கு மேலான ஆதாயம் அன்று.

கேள்வி: நட்டம் வந்தால் அரசுதான் பணம் தருகிறதே. அப்படியானால் கவலை எதற்கு?

பதில்: பணம் தருவது உண்மை. 2018, 2019 வரிப் போரின்போது ஏறத்தாழ 2,300 கோடி டாலர் வழங்கப்பட்டது. 2025 டிசம்பரில் 1,200 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. அதில் சோயாவுக்கு ஏக்கருக்குச் சுமார் 31 டாலரும், மக்காச்சோளத்துக்குச் சுமார் 44 டாலரும் என்று கணக்கிட்டார்கள். முதல் கேள்விக்கு நான் காட்டிய கணக்கில் ஏக்கருக்கு வரும் ஐம்பது டாலர் நட்டத்துக்கு அருகே அந்த 44 டாலரை வைத்துப் பாருங்கள். விழுந்த குழியின் பெரும்பகுதி மூடப்படுகிறது. ஆனால் மேட்டில் ஏற முடியவில்லை.

இதற்கு "பாலம்" என்று பெயர் சூட்டியதற்கும் காரணம் உண்டு. 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டம், வேளாண் ஆதார விலைகளை உயர்த்தியது. சோயாவுக்குப் புஷலுக்கு 8.40 டாலராக இருந்தது 10 டாலராகவும், மக்காச்சோளத்துக்கு 3.70 டாலராக இருந்தது 4.10 டாலராகவும் ஆயின. சந்தை விலை இதற்குக் கீழே போனால் அரசு வேறுபாட்டை ஈடு செய்யும். ஆனால் 2025 பயிருக்கான அந்தத் தொகை 2026 அக்டோபரில்தான் கைக்கு வரும். வங்கியோ அதுவரை காத்திருக்காது. குளிர்காலத்தில் பழைய கணக்கைத் தீர்த்தால்தான் வசந்தத்தில் விதை வாங்கப் புதுக் கடன் தரும்.

இந்த உதவி குறித்து எனக்கு ஆழ்ந்த மனக்குறை ஒன்று உண்டு. ஏக்கர் கணக்கில் தரப்படும் பணம், ஏக்கர் அதிகம் வைத்திருப்பவரிடமே அதிகம் சேரும். அதைவிட முக்கியமாக, அது உழவர் கையில் தங்குவதில்லை. நாட்டின் வேளாண் நிலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு குத்தகை நிலம். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு உரிமையாளர்கள் உழவர்களே அல்லர். உதவித் தொகை வரும் என்ற எதிர்பார்ப்பே குத்தகையை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உரக் கடைக்காரரும் இயந்திர வணிகரும் வங்கியும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். உழவரின் பெயரால் எழுதப்படும் காசோலை அவர் வழியாகக் கடந்து போகிறது என்பதே பொருத்தமான சொல். உதவியே கூடாது என்று நான் வாதிடவில்லை. அது இல்லையென்றால் இந்த ஆண்டே பல குடும்பங்கள் வீழ்ந்திருக்கும். ஆனால் அரசு தானே விதித்த வரியால் சந்தையை இழக்கச் செய்துவிட்டு, அந்த இழப்பைக் காசோலையால் அடைக்கும் முறையை வேளாண் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: சொந்த டிராக்டரைத் தாமே பழுது பார்க்க முடியாது என்பது மெய்யா?

பதில்: பெருமளவுக்கு மெய்யே. இன்றைய டிராக்டர் சக்கரம் பூட்டிய கணினி. ஓர் உணரி பழுதானால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிழையைக் கண்டறிந்து நீக்கும் முழுமையான மென்பொருள் அதிகாரம் பெற்ற விற்பனையகத்திடம் மட்டுமே இருக்கிறது. அறுவடைக் காலத்தில் மழை வருமுன் மூன்று நாள்தான் இருக்கிறது என்னும்போது, பணிமனை ஆளுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம். கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் இயந்திரங்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை முதலில் இயற்றியது. 2025 ஜனவரியில் மத்திய வணிக ஆணையம் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தின் மீது இதே பொருளில் வழக்குத் தொடுத்தது.

கேள்வி: அங்கே மாட்டிறைச்சி விலை வரலாறு காணாத உச்சம் என்று செய்தி. மாடு வளர்ப்பவர்களாவது நன்றாக இருப்பார்களே?

பதில்: தானிய உழவரோடு ஒப்பிட்டால் இப்போது நன்றாகவே இருக்கிறார்கள். அரைத்த மாட்டிறைச்சி 2025இல் பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டியது. கன்றுகளுக்கும் நல்ல விலை. ஆனால் அந்த விலை வந்த வழி துயரமானது. பெருஞ்சமவெளி மாநிலங்களில் சில ஆண்டுகள் நீடித்த வறட்சியில் புல் கருகி, வைக்கோல் விலை ஏறி, ஈனும் பசுக்களையே விற்க நேர்ந்தது. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் நாட்டின் மாடுகள் 8.67 கோடி. 1951க்குப் பிறகு இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. மந்தையை மீண்டும் பெருக்க வேண்டுமானால் கிடேரிகளை விற்காமல் வைத்து, சினைப்படுத்தி, கன்று ஈன்று, அது வளரும்வரை இரண்டு மூன்று ஆண்டுகள் வருமானமின்றிக் காத்திருக்க வேண்டும். கண்முன்னே உச்ச விலை இருக்க, வங்கிக் கடனும் இருக்க, எத்தனை பேரால் அதைச் செய்ய முடியும்?

கொழுத்த மாடுகளை வாங்கி அறுக்கும் தொழிலில் சுமார் 85 விழுக்காடு நான்கு நிறுவனங்களிடம் இருக்கிறது. பெரு ஆலைகளின் கெடுபிடியைக் கட்டுப்படுத்த 1921இலேயே சட்டம் இயற்றிய நாட்டில் இந்த நிலை. மாடு குறைந்ததால் இப்போது ஆலைகளுக்கும் நட்டம். நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் என்ற சிறு நகரில் சுமார் 3,200 பேர் வேலை பார்த்த டைசன் நிறுவனத்தின் மாட்டிறைச்சி ஆலையை மூடுவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். ஊரின் மக்கள்தொகையே சுமார் பதினோராயிரம்தான்.

பால் பண்ணைகளின் கதை வேறு. 2003இல் ஏறத்தாழ 70,000 உரிமம் பெற்ற கறவைப் பண்ணைகள் இருந்தன. இருபது ஆண்டுகளில் அவை சுமார் 26,000 ஆகக் குறைந்தன. நாட்டின் பால் உற்பத்தி குறையவில்லை. ஐம்பது பசு கறந்த குடும்பங்களின் இடத்தில் ஆயிரக்கணக்கில் பசுக்களைக் கட்டிய கொட்டகைகள் நிற்கின்றன.

கேள்வி: வயல் வேலைக்கு அமெரிக்கர்கள் வருவதில்லை என்கிறார்களே?

பதில்: மக்காச்சோளத்துக்கு இயந்திரம் போதும். ஸ்ட்ராபெரியையும் கீரையையும் திராட்சையையும் இன்னும் பெரும்பாலும் மனிதக் கைகளே பறிக்கின்றன. பயிர்ப் பண்ணைத் தொழிலாளரில் ஏறக்குறைய பத்தில் நால்வர் குடியிருப்பு ஆவணம் இல்லாதவர்கள். சட்டப்படியான வழி எச்-2ஏ என்னும் பருவகால விசா. 2005இல் சுமார் 48,000 பணியிடங்களுக்கு அனுமதி தரப்பட்டது. 2023இல் அது 3.7 லட்சத்தைத் தாண்டியது. தங்குமிடமும் போக்குவரத்தும் முதலாளியின் பொறுப்பு என்பதால் சிறு பண்ணைக்கு இது கட்டுப்படியாவது கடினம். பருவகால வேலைக்கு மட்டுமே என்பதால், நாள்தோறும் கறக்க வேண்டிய பால் பண்ணைக்கு இந்த வழியே இல்லை. 2025 ஜூனில் கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா வட்டார வயல்களில் குடிவரவு அதிகாரிகள் சோதனையிட்டபோது, பழம் பறிக்க வேண்டியவர்கள் அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த அச்சத்தோடு வாழும் தொழிலாளியின் நிலை முதலாளியின் நட்டத்தைவிடப் பெரிய துன்பம் என்பதையும் நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கேள்வி: பாசனத் தண்ணீரின் நிலை என்ன?

பதில்: தெற்கு டகோட்டா முதல் டெக்சஸ் வரை எட்டு மாநிலங்களின் அடியில் ஓகலாலா நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. மேற்குக் கன்சாசிலும் டெக்சஸின் வடபகுதியிலும் மழைநீர் நிலத்துக்குள் ஊறுவதைவிடப் பன்மடங்கு இறைத்ததால், சில இடங்களில் கிணறுகள் பாசனத்துக்கு உதவாத நிலைக்கு வந்துவிட்டன. கலிஃபோர்னியா 2014இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அதன் விளைவாகச் சான் வாகீன் பள்ளத்தாக்கில் 2040க்குள் குறைந்தது ஐந்து லட்சம் ஏக்கர் தரிசாக நேரிடலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கொலராடோ ஆற்றுக்கு 2021இல் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது, அரிசோனாவின் பினல் வட்டார உழவர்களே முதலில் வாய்க்கால் நீரை இழந்தார்கள். இது தனியே எழுத வேண்டிய பொருள்.

கேள்வி: 1980களில் அங்கே பல்லாயிரம் பண்ணைகள் ஏலத்துக்குப் போனதாகப் படித்திருக்கிறேன். அதே நிலை திரும்புமா?

பதில்: 1970களில் சோவியத் நாடு பெருமளவு தானியம் வாங்கியது. அப்போதைய வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸ் வேலி முதல் வேலி வரை பயிரிடச் சொன்னார். உழவர்கள் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். பிறகு பணவீக்கத்தை அடக்க வட்டி 20 விழுக்காட்டைத் தாண்ட விடப்பட்டது. 1980 ஜனவரியில் சோவியத்துக்கான தானிய விற்பனைக்குத் தடையும் வந்தது. அயோவாவில் 1981இல் ஏக்கருக்கு 2,147 டாலராக இருந்த நிலம் 1986இல் 787 டாலர் ஆயிற்று. அடமானத்தின் மதிப்பே கரைந்ததால் வங்கிகள் ஏலம் விட்டன. உழவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

இன்று வட்டி அந்த அளவில் இல்லை. நிலத்தின் விலையும் விழவில்லை. ஆகவே அதே போன்ற பேரிடி வரும் என்று நான் கருதவில்லை. நான் காண்பது மெல்லிய கசிவு. குடும்பப் பண்ணைகளுக்காக 1986இல் உருவாக்கப்பட்ட 12ஆம் அத்தியாயத் திவால் முறையில் 2023இல் 139 மனுக்களும் 2024இல் 216 மனுக்களும் பதிவாயின. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் திவாலாகும்முன் சத்தமின்றி இயந்திரங்களை விற்றுக் குத்தகையைத் திருப்பிக் கொடுத்து விலகுபவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 1935இல் 68 லட்சமாக இருந்த பண்ணைகள் 2022இல் 19 லட்சம். 2017இலிருந்து ஐந்தே ஆண்டுகளில் மட்டும் 7 விழுக்காடு குறைந்திருக்கின்றன. உழவரிடையே தற்கொலை விகிதம் இன்றும் பொது விகிதத்தைவிடக் கூடுதலாகவே உள்ளது. நான்கு தலைமுறை காத்த நிலம் தன் காலத்தில் போகிறதே என்னும் நாணம், கடனைவிடக் கனமாக அழுத்துகிறது.

கேள்வி: நிலத்தின் விலை விழாமல் இருப்பது நல்லதுதானே?

பதில்: ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு நல்லது. புதிதாக நுழைபவருக்கு அதுவே அடைத்த கதவு. அமெரிக்க உழவரின் சராசரி வயது 58.1. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேரளவில்தான் இருக்கிறார்கள். 2025இல் நாட்டின் பயிர் நிலத்தின் சராசரி விலை ஏக்கருக்கு 5,830 டாலர். அயோவாவில் வேளாண் நிலம் ஏக்கருக்குச் சுமார் 11,500 டாலர். ஏழரை விழுக்காடு வட்டியில் முழுத் தொகையையும் கடனாக வாங்கினால், ஆண்டுக்கு வட்டி மட்டும் ஏக்கருக்கு 860 டாலருக்கு மேல். அந்த ஏக்கர் தரும் மொத்த வரவோ, முதல் பதிலில் பார்த்தபடி, 800 டாலர். எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், தந்தையின் நிலமோ வேறு தொழிலில் சேர்த்த செல்வமோ இல்லாத ஒருவர் இந்தக் கணக்கை வெல்ல வழியில்லை.

நெப்ராஸ்கா, அயோவா, மினசோட்டா ஆகிய மாநிலங்கள், புதிய உழவருக்குக் குத்தகைக்கு விடும் நிலவுடைமையாளருக்கு வரிச் சலுகை தருகின்றன. எனக்குத் தெரிந்தவற்றில் உருப்படியான ஏற்பாடு இதுவே, ஏனெனில் இது பணத்தைத் தாண்டி நிலத்தையே இளையவர் கையில் சேர்க்கிறது. மத்திய அரசும் நிலம் வாங்க நேரடிக் கடன் தருகிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வைத்த உச்சவரம்பு 6 லட்சம் டாலர். அயோவா விலையில் அதற்குக் கிடைப்பது 52 ஏக்கர்.